முப்பத்தொரு மரக்கட்டைகள்

சலவைக்காரரின் கை சும்மா இருந்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. கடைக்கு வந்தவர் செய்தித்தாளை மேசைமேல் போட்டுவிட்டு ரசீதைத் தேடுவார். ரசீது கிடைப்பதற்குள் தாள் நாலாக மடிந்து, மேலே ஒரு தட்டும் வாங்கியிருக்கும். ஒருமுறை பேருந்தில், பக்கத்தில் நின்றவரின் சட்டைக் காலர் புரண்டிருந்ததைப் பொறுக்கமாட்டாமல் இழுத்து நேராக்கிவிட்டு, அந்த ஆளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். "கழுத்துல கைய வெச்சா சும்மா விடுவானா மனுஷன்? அடிக்காம விட்டானே, அதுவே பெரிசு" என்று அவர் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்ட கைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. பட்டாணி என்று கூப்பிடப்பட்ட அந்தக் குழந்தைக்கு வயது இரண்டே முக்கால். தம்ளரைப் பார்த்து அது கையை நீட்டுவதற்குள் தம்ளர் வாய்க்கு வந்துவிடும். செருப்பைப் பார்த்தால் செருப்பு காலில் ஏறிவிடும். கூடையைக் கவிழ்த்து விளையாட்டுச் சாமான்களைக் கொட்டினால், கடைசிச் சாமான் உருண்டு நிற்பதற்குள் முதல் சாமான் கூடைக்குள் போயிருக்கும். சாமான்கள் தாமாகவே கூடைக்குத் திரும்பிவிடும் என்றுதான் அது நினைத்திருக்க வேண்டும். அப்பாவை அது கவனித்ததாகவே தெரியவில்லை.

"இதுக்கு ரெண்டு கை இருக்குன்னு இதுக்கே தெரியாதுங்க" என்பாள் மனைவி.

"சின்னக் குழந்தைதானே. நான் செஞ்சா அரை நிமிஷம், அது செஞ்சா அரை நாள்" என்பார் அவர்.

கணக்கு சரிதான். கடையில் அரை நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முன்னறை கடை, பின்னால் இரண்டு அறை வீடு. கடையில் துவைக்கும் இயந்திரம் இரண்டு, கஞ்சி காய்ச்சும் அண்டா ஒன்று, ஆவி சீறும் இஸ்திரிப் பெட்டி ஒன்று, கம்பளி போர்த்திய நீள மேசை ஒன்று. அந்த மாதம் மழை வேறு விட்டபாடில்லை. மாடிக் கொடி வெறுமனே நனைந்துகொண்டிருக்க, லாட்ஜிலிருந்து வந்த படுக்கை விரிப்புகளையெல்லாம் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சமையலறையிலிருந்து குளியலறைக்குப் போக மூன்று ஈர விரிப்புகளை விலக்க வேண்டும். ரொட்டியில் சோப்பு வாசனை, பாலில் சோப்பு வாசனை. குழந்தையின் தலைமுடியில்கூட அதே வாசனைதான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டில்தான் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து மனைவிக்கு வேலை வந்தது.

கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவள் அங்கே உதவி நர்ஸாக இருந்தவள். பட்டாணி வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது வேலையை விட்டாள். அப்புறம் மூன்று வருஷம் இஸ்திரி மேசைக்கு இந்தப் பக்கம் நின்று சட்டைக்குப் பொத்தான் போட்டாள். குறை சொன்னதில்லை. ஆனால் தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு வாசல்வரை போய் நின்று பார்த்துவிட்டு வருவாள். அவருக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். இப்போது பகல் நேர வேலைக்கு ஒரு இடம் காலி. பழைய ஆள் என்பதால் முதலில் அவளைக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். வருகிறாளா இல்லையா என்று இந்த வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சொல்ல வேண்டும். அதைத் தாண்டினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

குழந்தையை அவரிடம் விட்டுவிட்டுப் போகலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. கஞ்சி அண்டா ஒரு பக்கம் கொதிக்கும், இஸ்திரிப் பெட்டி ஒரு பக்கம் சீறும். போன வருஷம் ஒரு நாள் ஒரு நொடி கண் தவறியதில் பட்டாணியின் முழங்கையில் ஒரு சூடு. அந்தத் தழும்பு இன்னும் அப்படியே இருக்கிறது. அதனால் தெருக்கோடியில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் போய்க் கேட்டார்கள்.

காப்பகத்து டீச்சர் ஐம்பது வயதுக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"எங்கிட்ட இருபத்தஞ்சு குழந்தைங்க. பாத்துக்கறது நாங்க ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் சேத்து கை நாலுதான். அதனால சேக்கறதுக்கு முன்னால நாலு விஷயம் பாப்போம். செருப்பத் தானே கழட்டி அடுக்குல வைக்கணும். தம்ளர்ல தானே தண்ணி குடிக்கணும். ஒண்ணுக்கு, ரெண்டுக்கு வந்தா சொல்லணும். விளையாடின சாமான எடுத்த இடத்துல வைக்கணும். அவ்வளவுதான். பெரிய படிப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. திங்கள், புதன், வெள்ளி மூணு நாள் கூட்டிட்டு வாங்க, பாத்துட்டு வெள்ளிக்கிழமை சொல்றேன்."

"முடியலைன்னா, டீச்சர்?" என்று மனைவி கேட்டாள்.

"ஆறு மாசம் கழிச்சு வாங்க. குழந்தை எங்கயும் போயிடாது, நாங்களும் எங்கயும் போயிட மாட்டோம்."

மனைவி சிரித்து வைத்தாள். ஆஸ்பத்திரி வேலை ஆறு மாதம் காத்திருக்காது என்பதை அங்கே நின்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

திங்கட்கிழமை மழையில் மூவரும் ஒரே குடையில் போனார்கள். காப்பகத்து வாசலில் மற்றக் குழந்தைகள் குனிந்து, விழுந்து, ஒற்றைக் காலில் குதித்து, எப்படியோ செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தன. பட்டாணி படியில் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் முன்னால் நீட்டினாள். அப்புறம் சுற்றி நின்ற பெரியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். யார் கழற்றப் போகிறீர்கள் என்பதுதான் அந்தப் பார்வை. சலவைக்காரர் ஓடிப்போய்க் குனிந்தார்.

"தம்பி" என்றார் டீச்சர். அவ்வளவுதான். அவர் நிமிர்ந்துவிட்டார்.

பட்டாணி காத்திருந்தாள். ஐந்து நிமிடம் காத்திருந்தாள். பிறகு செருப்போடு உள்ளே போனாள். உள்ளே தம்ளருக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். சாமான்களை அள்ளி இறைத்துவிட்டு, அவை தாமாகப் பெட்டிக்குள் போகட்டும் என்று எழுந்து வந்துவிட்டாள். ஒண்ணுக்கு வந்ததை மட்டும் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தாள். நாலுக்கு ஒன்று.

வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி குடையை மடக்கினாள். முகத்தைக் காட்டவில்லை.

"நான் சொன்னப்ப கேட்டீங்களா?"

"என்ன கேக்கல இப்ப?"

"விடுங்க, அதுவே செய்யட்டும்னு எத்தனை தடவை சொன்னேன். இப்பப் பாருங்க. மகாராணி மாதிரி கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. எனக்கு அங்க நிக்கவே மானம் போச்சு."

"ரெண்டு நாள் இருக்குல்ல? நான் பழக்கிடறேன்."

"யாரு, நீங்களா?"

"ஏன், நான்தான். கெடுத்தது நான்னா சரி பண்றதும் நானாத்தான் இருக்கணும்."

"உங்க கை சும்மா இருந்தாத்தானே அது பழகும்!"

அன்று மதியம் லாட்ஜ் விரிப்புகளைப் பிரித்து அடுக்கும்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. சலவைக் கடையில் வீட்டுக்கு வீடு ஒரு குறி உண்டு. கறிக்கடைக்காரர் வீட்டுத் துணிக்கு ஓரத்தில் இரண்டு புள்ளி, வாத்தியார் வீட்டுக்குப் பெருக்கல் குறி, லாட்ஜுக்கு மூன்று கோடு, எல்லாம் சிவப்பு நூலில். நூறு வீட்டுத் துணி ஒன்றாகத் துவைத்து வந்தாலும் குறியைப் பார்த்தால் எது எந்த அடுக்குக்குப் போக வேண்டும் என்று கை தானாகப் போகும். எழுதப் படிக்கத் தெரியாத ஆள்கூட இரண்டு நாளில் பழகிக்கொள்ளலாம். அவரே அப்படித்தான் பழகினார். குழந்தை பழகாதா?

ஊசி எடுத்தார். சிவப்பு நூல் கோத்தார். மரக்கட்டைகள் போடும் கூடைக்கு இரண்டு புள்ளி, ஒவ்வொரு மரக்கட்டையிலும் அதே இரண்டு புள்ளி தைத்த துண்டுத்துணி ஒட்டினார். பொம்மைகளுக்கு மூன்று கோடு. செருப்பின் வாரில் ஒரு பெருக்கல் குறி, செருப்பு அடுக்கில் ஒரு பெருக்கல் குறி. தம்ளரின் கைப்பிடியில் ஒரு வளையம், தம்ளர் வைக்கும் பலகையில் ஒரு வளையம். பட்டாணி அவர் மடியில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

"இது என்னப்பா?"

"இது குறி. இங்க ரெண்டு புள்ளி இருக்கா? அங்க பாரு, கூடையில ரெண்டு புள்ளி. இது அங்க போகணும்."

குழந்தை மரக்கட்டையைப் பார்த்தது, கூடையைப் பார்த்தது. எழுந்துபோய்ப் போட்டது. போட்டுவிட்டு ஓடிவந்து அடுத்ததை எடுத்துக்கொண்டு, "இதுக்குக் குயி எங்க?" என்றது. றகரம் அதற்கு இன்னும் வராது.

செவ்வாய்க்கிழமை முழுக்க வீட்டில் அதே விளையாட்டுத்தான். குறி இருந்தால் போதும், பட்டாணி பறந்தது. செருப்பைக் கழற்றி அடுக்கில் வைத்தது, மறுபடி மாட்டியது, மறுபடி கழற்றி வைத்தது. செருப்பைக் கழற்ற அதற்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, வாய்ப்புத்தான் கிடைக்கவில்லை. தம்ளரைத் தானே எடுத்துக் குடித்து, பாதியை மார்பில் ஊற்றிக்கொண்டு, பலகையில் கொண்டுபோய் வைத்தது. குறி இல்லாத சாமான் கண்ணில் பட்டால் தூக்கிக்கொண்டு வந்து அப்பா முன்னால் நீட்டியது. சீப்புக்குக் குறி. கரண்டிக்குக் குறி. சாயங்காலம் விளக்குமாற்றுக்கும் ஒரு குறி தைத்துக் கொடுத்தார். லாட்ஜ் விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. மனைவி தனியாளாக இஸ்திரி போட்டாள். ஆனாலும் அன்றைக்கு அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

"பரவாயில்லையே" என்றாள், முட்டையை உரித்துக்கொண்டே. "தலைக்குள்ள ஏதோ இருக்குதான் உங்களுக்கு."

"இப்பத்தான் தெரியுதா?"

"விளக்குமாத்துக்கு என்னாத்துக்குங்க குறி? அது என்ன, லாட்ஜுக்கா போயிடப் போகுது?"

இருவரும் சிரித்தார்கள். பட்டாணியும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தது.

புதன்கிழமை காப்பகத்து வாசலில் பட்டாணி உட்கார்ந்து, வாரை இழுத்து, செருப்பைக் கழற்றி வைத்தபோது சலவைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது பார்த்தார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். டீச்சர் பார்த்திருந்தார். தண்ணீரும் ஆயிற்று. கொஞ்சம் சிந்தினாள், யார்தான் சிந்தவில்லை! விளையாட்டு நேரம் முடிந்து டீச்சர் கை தட்டியதும் குழந்தைகள் சாமான்களை எடுத்து வைக்கத் தொடங்கின. பட்டாணி ஒரு மரக்கட்டையைக் கையில் எடுத்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். கீழே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள், திருப்பினாள், கீழே வைத்தாள். அங்கே கிடந்த கட்டைகள் அத்தனையையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

"என்ன தேடுது குழந்தை?" என்று டீச்சர் கேட்டார்.

சலவைக்காரருக்குக் காது சுட்டது. குறி, நூல், கூடை, விளக்குமாறு என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்லவே, தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று அவருக்கே விளங்கத் தொடங்கியது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "ஒரு மணி நேரம் குடுங்க டீச்சர். இங்க இருக்கற சாமானுக்கெல்லாம் நானே குறி தைச்சுக் குடுத்துடறேன். நூல்கூட என்னோடதுதான்."

டீச்சர் சிரிக்கவில்லை. "தம்பி, இது நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும். அப்புறம் வேற எங்கயோ போகும். எல்லா எடத்துக்கும் நீங்க ஊசி நூலோட முன்னால போவீங்களா?"

"இல்ல டீச்சர்."

"அது எடுத்து வைக்கப் பழகல. உங்க தையலப் படிக்கத்தான் பழகியிருக்கு. முன்ன உங்க கை செஞ்சத இப்ப உங்க நூல் செய்யுது, அவ்வளவுதான் வித்தியாசம். வெள்ளிக்கிழமை பாப்போம்."

வீடு வந்து சேர்ந்தவரின் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்குப் புரிந்துவிட்டது. ஈர விரிப்பு ஒன்றைப் பிழிந்தாள். அதில் பிழிய ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போன பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"வேண்டாம்னு சொல்லிடறேங்க" என்றாள். "இப்பவே சொல்லிட்டா அவங்களுக்கும் ஒரு வேலை முடியும்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு."

"பொறுத்து? மறுபடி போய் நின்னு பாக்கவா? எனக்கு அந்தத் தெம்பு இல்ல."

"நான் போறேன். நீ வராத."

"வரமாட்டேன்தான். என்னைப் பாத்தா ஓடி வந்து மடியில ஏறிக்கும். லாட்ஜுக்கும் அன்னைக்கு விரிப்பு குடுத்தாகணும்." அவள் விரிப்பைக் கொடியில் போட்டாள். "பன்னெண்டு மணி வரைக்கும் பாப்பேன். நல்ல சேதின்னு உங்க போன் வந்தா சரின்னு சொல்லுவேன். வரலைன்னா வேண்டாம்னு சொல்லிட்டு என் வேலையப் பாப்பேன். அப்புறம் இந்தப் பேச்சே இந்த வீட்டுல வேண்டாம்."

வியாழக்கிழமை காலை அவர் பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எல்லாக் குறியையும் பிரித்தார். தைப்பதைவிடப் பிரிப்பது கஷ்டமாக இருந்தது. பட்டாணி பக்கத்தில் நின்று, ஒவ்வொரு நூலாக விழுவதைப் பார்த்துப் பார்த்து அழுதது. செருப்பும் தம்ளரும் அதற்குக் கைவந்துவிட்டன, குறி போன பிறகும் தவறவில்லை. சாமான்கள்தான் தரையில் கிடந்தன. அவர் அன்றைக்கு மூன்று தடவை கையை நீட்டி மூன்று தடவையும் தானே தட்டிக்கொண்டார். நான்காவது தடவை மனைவி பார்க்காத நேரத்தில் எல்லாவற்றையும் அள்ளிக் கூடையில் போட்டுவிட்டார். என்ன செய்ய, காலில் இடறியது.

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. காப்பகத்து வாசலில் கைபேசிகளைப் போட்டுவிட்டுப் போக ஒரு கூடை வைத்திருப்பார்கள். கைபேசியைக் கண்டால் குழந்தைகள் அதன் பின்னாலேயே போய்விடும் என்பதால் அப்படி ஒரு சட்டம். அவரும் போட்டுவிட்டு உள்ளே போனார். டீச்சர் அவருக்கு ஒரு நாற்காலி காட்டினார். அது குழந்தைகள் உட்காருவது. உட்கார்ந்ததும் முழங்கால் முகவாயைத் தொட்டது.

"பேசாதீங்க, எந்திரிக்காதீங்க. கை ரொம்ப அரிச்சா அதுமேலயே உக்காந்துக்குங்க" என்றார் டீச்சர். அவர் அதை அப்படியே செய்தார். இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பதினொன்றரைக்கு டீச்சர் கை தட்டினார். மற்றக் குழந்தைகள் தங்கள் சாமான்களை எடுத்து வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போயின. பட்டாணியைச் சுற்றி முப்பத்தொரு மரக்கட்டைகள் கிடந்தன. அவர் எண்ணி வைத்திருந்தார். சுவரோரம் மூடி போட்ட நீலப் பெட்டிகள் மூன்று, பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. கட்டைகள் நடுப்பெட்டியிலிருந்து வந்ததை அவர் தம் கண்ணால் பார்த்திருந்தார்.

பட்டாணி ஒரு கட்டையைத் திருப்பிப் பார்த்தாள். நேராக அவரிடம் வந்தாள்.

"குயி இல்ல."

"ஆமாம்மா, இல்ல."

"எங்க போகணும்?"

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை கட்டையை அவர் மடியில் வைத்து, தொடைக்கு அடியில் கைவிட்டு அவர் கையை வெளியே இழுக்கப் பார்த்தது. அந்தப் பிஞ்சு விரல் பட்டதும் அவருக்கு உயிரே போயிற்று. நடுப்பெட்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கண்ணைக் காட்டினாலே போதும்.

"அப்பாவுக்குத் தெரியாதும்மா" என்றார்.

மகளிடம் அவர் சொன்ன முதல் பொய் அதுதான். அப்பாவுக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது பட்டாணிக்குப் புதிய செய்தி. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கட்டையை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனாள். முதல் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். உள்ளே ரப்பர் மிருகங்கள். மூடினாள். இரண்டாவது பெட்டியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே ஓரத்தில் நாலைந்து கட்டைகள் மிச்சம் கிடந்தன. கையிலிருந்ததைப் பார்த்தாள், உள்ளே கிடந்ததைப் பார்த்தாள்.

"ஓ!" என்றாள் சத்தமாக. போட்டாள்.

சலவைக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. அப்படியே விட்டுவிட்டார்.

ஒன்று உள்ளே போயிற்று. இன்னும் முப்பது இருந்தன. இரண்டு கையாலும் அள்ளலாம் என்று அதற்குத் தோன்றவில்லை. அறையின் இந்தக் கோடிக்கு வந்து ஒரே ஒரு கட்டையை எடுக்கும், அந்தக் கோடிக்குப் போய் மூடியைத் திறந்து போடும், மூடியை மூடும், திரும்பி வரும். மூடியை ஏன் ஒவ்வொரு தடவையும் மூட வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை. எட்டாவது கட்டையை எடுத்துக்கொண்டு போகும் வழியில் ஒரு எறும்பு குறுக்கே வந்தது. பட்டாணி உட்கார்ந்து எறும்பை வழியனுப்பினாள். பதினொன்று ஐம்பது. பதிமூன்றாவது கட்டையோடு சாப்பாட்டு மேசைக்குப் போய் யார் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டு வந்தாள். பதினொன்று ஐம்பத்தெட்டு.

கைபேசிக் கூடை வாசலில், ஆறே தப்படி தூரத்தில் இருந்தது. எழுந்து போனால் குழந்தையும் பின்னாலேயே எழுந்து வந்துவிடும், எல்லாம் போச்சு. போகாவிட்டால் பன்னிரண்டு அடித்ததும் அங்கே மனைவி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், அப்போதும் எல்லாம் போச்சு. இரண்டு கையால் அள்ளினால் பதினெட்டுக் கட்டை, கால் நிமிட வேலை. வாழ்நாள் முழுக்க வேகமாகவே இருந்துவிட்ட மனிதருக்கு அந்தக் கால் நிமிடம் கண்ணெதிரே கிடந்தது, எடுக்க முடியவில்லை. சுவர்க்கடிகாரத்தின் முள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மன்னிச்சுக்கோம்மா என்று மனைவியிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

சில நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்தபோது இருபத்திரண்டாவது போய்க்கொண்டிருந்தது.

கடைசிக் கட்டை அலமாரிக்கு அடியில் உருண்டுபோயிருந்தது. பட்டாணி குப்புறப் படுத்து, முக்கி முனகி, தலைமுடியெல்லாம் தூசியோடு அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். போட்டாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். டக்கென்று பொருந்தியது.

மணி பன்னிரண்டு பதினாலு.

"திங்கக்கிழமை ஒன்பது மணிக்குக் கூட்டிட்டு வாங்க. மாத்துத் துணி ரெண்டு செட் குடுத்து விடுங்க" என்றார் டீச்சர். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். கால் மரத்துப் போயிருந்தது, கையும் மரத்துப் போயிருந்தது. நொண்டிக்கொண்டே போய்க் கைபேசியை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாக வந்தது. சொல்லிக்கொண்டிருக்கிறாள், போச்சு! மறுபடி போட்டார், மறுபடியும் அதேதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று குனிந்தால், பட்டாணி படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் மாட்டி விடறேன், வா செல்லம், அவசரம்."

"நானு!" என்று அவர் கையைத் தட்டிவிட்டாள்.

நின்றார். மழைச் சாரலில் நின்றார். இடது கால் செருப்பு வலது காலில் ஏறியது, வலது காலுடையது இடதில் ஏறியது. அந்த வேலை முடிய மூன்று நிமிடம் ஆயிற்று. பிறகுதான் அவர் தூக்கிக்கொண்டு ஓடினார். குடையை விரிக்கவும் தோன்றவில்லை.

கடையில் மனைவி இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். கைபேசி மேசைமேல் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சொல்லிட்டியா?" என்றார், மூச்சு வாங்க.

"சொல்லிட்டேன்."

அவர் குழந்தையை இறக்கிவிட்டார். "அவ முடிச்சுட்டாம்மா. முப்பத்தொண்ணையும் அவளே எடுத்து வெச்சா. நான் தொடல, சத்தியமாத் தொடல. அதுக்குள்ள பன்னெண்டே கால் ஆயிடுச்சு. எந்திரிச்சா கெட்டுடும்னு உக்காந்தே இருந்தேன். உன் வேலைய நான்தான்..."

"முழுசாக் கேளுங்க. மணி அடிச்சதும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மேட்ரன் அம்மாதான் எடுத்தாங்க. என்னைப் பேசவே விடல. 'வந்துட்டியா, நல்லதாப் போச்சு, உனக்கு உடுப்பு என்ன அளவு'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அளவச் சொன்னேன்."

"வேண்டாம்னு சொல்லலையா?"

"அளவு கேக்கறாங்க, அளவத்தானே சொல்லணும்?" அவள் குரல் உடைந்தது. சிரிப்பும் கூடவே வந்தது. "அப்புறம் எங்க அக்காவுக்குப் போட்டுச் சொன்னேன். அதான் நீங்க போட்டப்ப கிடைக்கல."

"என் போனே வரலையே. எப்படி நம்பிச் சொன்ன?"

"வரலை, அதனாலதான் சொன்னேன். நீங்க கைய வெச்சிருந்தா பதினொண்ணே முக்காலுக்கே முடிஞ்சு போன் வந்திருக்கும். அவ அழுதிருந்தா நீங்களும் சேந்து அழுதுக்கிட்டு அதுக்கும் முன்னாலயே போன் போட்டிருப்பீங்க. பன்னெண்டு அடிச்சும் போன் வரல. சரி, இந்த மனுஷன் வாழ்க்கையில மொத தடவையா சும்மா உக்காந்திருக்காரு, குழந்தை தானே செஞ்சுக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சு போச்சு."

அவர் பின்னால் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சொட்டச் சொட்ட நனைந்த மனிதர், தேம்பித் தேம்பிச் சிரித்தார்.

"ஐயோ, எந்திரிங்க!" என்று கத்தினாள் அவள். "அது லாட்ஜுக்குக் குடுக்க வேண்டிய விரிப்புங்க!"